‘நல்ல மண்டகப்படி’ என்றால் என்ன பொருள்?

கேள்வி இதுதான்: அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் மதுரைக்காரர் ஒருவர், “நேத்து மேனேஜர்கிட்ட நல்ல மண்டகப்படி” என்றாராம். கேள்வி கேட்டவர் வெளிமாநிலத்தில் வளர்ந்தவர். ஏதோ விருந்து என்று நினைத்து “என்ன ஸ்பெஷல்?” என்று கேட்க, சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அகராதியைப் புரட்டினால் கோயில் திருவிழா பற்றி ஏதோ வருகிறது. கடுமையான திட்டுக்கு இந்தச் சொல் எப்படி வந்தது, எங்கே சொல்லலாம், எங்கே கூடாது என்று கேட்கிறார்.

விருந்து என்று நினைத்ததில் தப்பே இல்லை. மண்டகப்படி என்பது உண்மையிலேயே ஒரு விருந்துபசாரம்தான். சாமிக்குச் செய்வது. திருவிழாவில் புறப்பாடாகி வரும் உற்சவரை வழியில் ஒரு மண்டபத்திலோ பந்தலிலோ எழுந்தருளச் செய்து, அபிஷேகம், அலங்காரம், நைவேத்தியம், தீபாராதனை என்று எல்லாம் செய்து அனுப்பிவைப்பதற்குப் பெயர் மண்டகப்படி. பேச்சு வழக்கில் அதே சொல்லுக்கு, ஆளை நிறுத்திவைத்து ஒன்று விடாமல் கேட்கிற கடும் திட்டு என்று பொருள். இரண்டு பொருளும் இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன. சித்திரை மாதத்தில் ஒரே வீட்டில் காலையில் ஒன்றையும் மாலையில் இன்னொன்றையும் கேட்கலாம்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். மண்டபம், படி என்ற இரண்டும் சேர்ந்தது. மண்டபப்படி என்று எழுதுகிறவர்களும் உண்டு, ஆனால் வாயில் வருவது மண்டகப்படிதான். இதில் படி என்பது வாசல்படியும் இல்லை, மாடிப்படியும் இல்லை. இன்ன காரியத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கிக் கொடுப்பதற்குப் படி என்று பேர். அகவிலைப்படி, பயணப்படி என்று சம்பளச் சீட்டில் பார்க்கிறோமே, அதே படி. கோயிலில் தினப்படி பூசைக்கு அரிசி, நெய், எண்ணெய், பூ இவ்வளவு என்று வகுத்து வைத்திருப்பதைப் படித்தரம் என்பார்கள். மதுரையில் மார்கழி அஷ்டமியன்று சாமி வீதியுலா வந்து எல்லா உயிருக்கும் படியளப்பதாக ஐதீகம். அங்கேயும் இந்தப் படிதான். ஆக, மண்டபத்தில் வைத்து சாமிக்கு அளக்கிற படி மண்டகப்படி. அளக்கிறவரை மண்டகப்படிதாரர் என்று சொல்வது வழக்கம்.

இந்தச் சொல் திட்டுக்கு ஏன் இவ்வளவு பொருத்தமாக வந்து உட்கார்ந்தது என்று புரிய, மதுரைச் சித்திரைத் திருவிழாவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சொல் மதுரையில்தான் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. பத்து நாள் திருவிழா நடக்கிற எந்த ஊரிலும் முதல் நாள் மண்டகப்படி இன்னார், இரண்டாம் நாள் மண்டகப்படி இன்னார் என்று பத்திரிகையில் அச்சடித்திருப்பார்கள். ஆனால் மண்டகப்படியின் முழுக் கோலத்தையும் பார்க்க வேண்டுமென்றால் மதுரைதான்.

கள்ளழகர் அழகர்கோயிலிலிருந்து கிளம்பி வைகைக்கு வருகிறார். தூரம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். நடந்தால் அரை நாள் பயணம். அழகருக்கோ கிளம்பி வந்து திரும்பிப் போகச் சில நாட்கள் ஆகின்றன. காரணம் மண்டகப்படிகள். போக வர நானூறுக்கும் மேல். கல் மண்டபங்களும் உண்டு, தெருமுனையில் போட்ட கீற்றுப்பந்தலும் உண்டு. திருக்கண் என்றும் இவற்றைச் சொல்வார்கள். பரம்பரையாகச் செய்யும் குடும்பங்கள், வியாபாரிகள் சங்கங்கள், தெருக்காரர்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு கூட்டம் காத்திருக்கும். தல்லாகுளத்தில் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையைச் சாத்திக்கொண்டு, சித்ரா பௌர்ணமி விடியலில் தங்கக்குதிரையில் ஆற்றில் இறங்கி, அப்புறம் வண்டியூர், தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்கு மோட்சம், ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம், சேதுபதி மண்டபத்தில் பூப்பல்லக்கு என்று நீளும் அந்தப் பயணத்தில் எந்த மண்டபத்தையும் தாண்டிப் போக முடியாது. நேரமாகிவிட்டது, இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே சண்டை வந்துவிடும். மண்டகப்படி உரிமை என்பது அவ்வளவு பெரிய விஷயம். அந்த உரிமை தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டு நீதிமன்றம் வரை போன ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன.

ஒரு மண்டகப்படிக்குள் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பந்தலில் வாழைமரம், மாவிலைத் தோரணம், தரையில் மாக்கோலம். மண்டகப்படிதாரர் வீட்டு ஆண்கள் குளித்துத் திருமண் இட்டு மதியத்திலிருந்தே தயாராக நிற்கிறார்கள். அண்டாவில் பானகம், இன்னொன்றில் நீர்மோர், மூடி வைத்த குண்டானில் புளியோதரை. சாமி எந்த முக்கில் வருகிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு பையனை அனுப்பியிருப்பார்கள். அவன் ஓடி வந்து “வந்தாச்சு, வந்தாச்சு” என்றதும் எல்லோரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்கிறார்கள். சப்பரம் உள்ளே வந்து நின்றால் மாலை, வஸ்திரம், தேங்காய் உடைப்பது, நைவேத்தியம், விசிறுவது, தீபம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரிசை தவறாமல் நடக்கும். எதையும் பாதியில் நிறுத்துவதில்லை. செய்கிறவருக்குப் பரிவட்டம் கட்டி மரியாதை. எல்லாம் முடிந்த பிறகுதான் “சாமி கிளம்பலாம்”. கிளம்பினால் நூறடி தாண்டி அடுத்த பந்தல். அங்கேயும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆட்கள் தயார்.

இப்போது சாமி இருக்கிற இடத்தில் பிளஸ் டூ படிக்கிற ஒரு பையனை வைத்துப் பாருங்கள். டியூஷனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு சினிமாவுக்குப் போயிருக்கிறான். ராத்திரி பத்தரைக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறான். வாசலில் பாட்டி.

“வாங்க தொரை. எழுந்தருளியாச்சா? இன்னும் ரெண்டு ஆட்டம் பாத்துட்டு வரக்கூடாதா?”

“இல்ல அப்பத்தா, டியூஷன்ல…”

“டியூஷன் வாத்தியார் ஒம்பது மணிக்கே போன் பண்ணிட்டாரு சாமி. உள்ள போங்க. ஆத்தா காத்துக்கிட்டு இருக்கா.”

உள்ளே போனால் அம்மா. அடுப்படியில் பாத்திரம் விழுகிற சத்தமே முதல் மேளம். போன வருஷ மார்க்கு, தொலைத்த பேனா, பக்கத்து வீட்டுப் பையன், இவன் பிறந்தபோது பட்ட பாடு என்று வரிசையாக வருகிறது. அது முடிந்து கையைக் கழுவிவிட்டுத் திரும்பினால் ஈஸிசேரில் அப்பா பேப்பரை மடித்து வைக்கிறார். மூன்று மண்டகப்படி. மறுநாள் பள்ளிக்கூடத்தில் சிநேகிதன் “வீட்ல என்னடா ஆச்சு?” என்று கேட்கும்போது, “வாசல்ல ஆரம்பிச்சு மண்டகப்படிடா” என்றால் அதற்குமேல் விளக்கமே தேவையில்லை.

திட்டு என்ற பொதுச் சொல்லுக்கும் மண்டகப்படிக்கும் வித்தியாசம் இந்தக் காட்சியிலேயே இருக்கிறது. திட்டு சட்டென்று வரலாம். கால் மிதித்தவனைத் திட்டுகிறோம். மண்டகப்படி அப்படி வராது. அது தயாராகிக் காத்திருக்கிற திட்டு. நீங்கள் வந்துதான் ஆக வேண்டும் என்று தெரிந்து, சாமான் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் கொடுப்பது. நடுவில் எழுந்து போக முடியாது. ஒரு ஐட்டமும் விட்டுப்போகாது. பழைய பாக்கி எல்லாம் வெளியே வரும். முக்கியமாக, கொடுக்கிறவருக்கு அதற்கு உரிமை இருக்க வேண்டும். கண்டவரும் மண்டகப்படி செய்ய முடியாது என்பது கோயிலில் எப்படியோ அப்படித்தான் வீட்டிலும். அம்மா, அப்பத்தா, பெரியப்பா, வாத்தியார், மேலதிகாரி, கட்டின மனைவி, கணவன் என்று நம்மேல் பாத்தியதை உள்ளவர்கள் செய்வது. பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவன் கத்தினால் அது மண்டகப்படி இல்லை. அவன் கத்தினான், வைதான், அவ்வளவுதான். இந்த உரிமைதான் சொல்லின் உயிர் என்று நான் நினைக்கிறேன். பலர் இதைக் கவனிக்காமல், எந்தத் திட்டுக்கும் மண்டகப்படி என்று எழுதிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் அந்தப் பாட்டியின் பேச்சில் கவனித்திருப்பீர்கள். பேரனை எப்போதும் “வாடா” என்று கூப்பிடுகிறவர் அன்றைக்கு “வாங்க தொரை” என்கிறார். எழுந்தருளியாச்சா, சாமி, போங்க என்று மரியாதை ஏறிக்கொண்டே போகிறது. தமிழ் வீடுகளில் கோபம் ஏறும்போது மரியாதையும் சேர்ந்து ஏறும். “டா” போட்டுத் திட்டினால் அடி ஒன்றோடு போகும், “சார் எங்க போயிட்டு வர்றீங்க?” என்று ஆரம்பித்தால் நீளமாகப் போகப்போகிறது என்று குழந்தைக்கே தெரியும். புகழ்வது போல இகழ்வதற்கு நம் அணி இலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர் உண்டு. திட்டுக்கு மண்டகப்படி என்று பெயர் வைத்ததும் அந்தக் குணத்தில் விளைந்ததுதான். நன்னூல் சொல்லும் தகுதி வழக்கில் மங்கலம் என்று ஒன்று இருக்கிறது: செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது போல, சொல்லக் கஷ்டமானதை நல்ல சொல்லால் சொல்வது. மண்டகப்படியும் கஷ்டமானதற்கு நல்ல சொல்தான். ஆனால் துஞ்சினார் என்பது துக்கத்தை மூடி மெத்தென்று ஆக்குகிறது. மண்டகப்படியோ நடந்ததைப் பளிச்சென்று கண்முன் நிறுத்திவிடுகிறது. திட்டு என்று சொன்னால் தெரியாத நீளமும் வரிசையும் மண்டகப்படி என்றதும் தெரிந்துவிடும்.

கோயிலிலிருந்து திட்டுக்கு வந்தது இந்த ஒரு சொல் மட்டும் இல்லை. அர்ச்சனையை எல்லோரும் அறிவார்கள். “வீட்டுக்குப் போனா அர்ச்சனைதான்” என்பது தமிழ்நாடு முழுக்கக் கேட்கிற பேச்சு. கோயில் அர்ச்சனையில் அர்ச்சகர் ஒவ்வொரு நாமமாகச் சொல்லிப் பூவை எடுத்துப் போடுகிறார். அஷ்டோத்திரம் என்றால் 108 நாமம், சகஸ்ரநாமம் என்றால் ஆயிரம். வீட்டு அர்ச்சனையிலும் பெயர்கள்தான் முக்கியம்: சோம்பேறி, தண்டம், உதவாக்கரை, ஊர்சுற்றி. அதனால்தான் திட்டு நீண்டுபோனால் “சகஸ்ரநாம அர்ச்சனை நடந்தது” என்கிறார்கள். நுணுக்கமாகப் பார்த்தால் அர்ச்சனையில் பெயர் சொல்லித் திட்டுவது ஓங்கி நிற்கும். மண்டகப்படியில் நிறுத்திவைத்து முழுச் சடங்கும் செய்வது ஓங்கி நிற்கும். அர்ச்சனையைப் போகிற போக்கில் போனில்கூட வாங்கிக்கொள்ளலாம். மண்டகப்படிக்கு ஆள் நேரில் போய் நிற்க வேண்டும். பூசை என்றால் அது அநேகமாகக் கையால் விழுவது. “ரெண்டு பூசை போட்டாத்தான் சரிப்படுவான்” என்றால் அடி. சாமியாடுவது என்பது திட்டுகிறவரின் ஆவேசத்தைச் சொல்கிறது. அங்கே வாங்குகிறவர் யார் என்பதே முக்கியமில்லை, எதிரே நிற்கிற எல்லோருக்கும் விழும்.

சாமிக்குச் செய்வதைத் திட்டுக்குச் சொல்கிறோமே, இது அபசாரம் இல்லையா என்று சில பெரியவர்கள் வருத்தப்படுவது உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. திட்டையும் பூசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நம் பக்தியிலேயே இருக்கிற வழக்கம். பெரியபுராணத்தில் சுந்தரர் கதையைப் பாருங்கள். புத்தூரில் கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை என்று ஓலையைக் காட்டுகிறார். அந்தணன் இன்னொரு அந்தணனுக்கு அடிமையாவது எங்கே உண்டு, நீ பித்தனோ என்று சுந்தரர் சீறுகிறார். ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூருக்குப் போய், வந்தவர் சிவபெருமான் என்று தெரிந்த பிறகு இறைவன் சொல்வதாகச் சேக்கிழார் எழுதுகிறார்: நீ என்னிடம் வன்மை பேசி வன்தொண்டன் என்ற பெயரைப் பெற்றுவிட்டாய், எனக்குரிய “அற்சனை பாட்டே ஆகும்”, ஆகவே என்னைத் தமிழால் பாடு. எப்படிப் பாடுவது என்று கேட்டவருக்கு, முன்பு என்னைப் பித்தன் என்றாயே, அந்தச் சொல்லிலேயே ஆரம்பி என்கிறார். திட்டிய வாயிலிருந்து அதே சொல்லில் “பித்தா பிறைசூடி” பிறக்கிறது. 12ஆம் நூற்றாண்டிலேயே இப்படி ஒரு காட்சி இருக்கும்போது, அம்மாவின் திட்டை இன்றைக்கு அர்ச்சனை என்று சொல்வதில் அபசாரம் எங்கே வந்தது?

சாமியே மண்டகப்படி வாங்குகிற விழாவும் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் பங்குனித் திருவிழாவின்போது நம்பெருமாள் (அங்கே உலா வரும் பெருமாள்) உறையூருக்குப் போய் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டு, அதாவது ஒன்றாக எழுந்தருளி, வருகிறார். பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீரங்கத்தில் ரங்கநாயகித் தாயார் சன்னதிக்கு வந்தால் கதவைச் சாத்திவிடுகிறார்கள். எங்கே போயிருந்தீர், கண் ஏன் சிவந்திருக்கிறது, கஸ்தூரித் திலகம் ஏன் கலைந்திருக்கிறது என்று தாயார் தரப்பில் கேள்வி. பெருமாள் தரப்பில் சாக்கு. இதற்குப் பிரணய கலகம் என்று பெயர். மட்டையடி என்பதுதான் ஜனங்கள் சொல்கிற பெயர். வாழைமட்டையால் அடியும் விழும். கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்துவைக்க வேண்டியிருக்கிறது. திருவண்ணாமலையில் மாட்டுப் பொங்கலன்று நடக்கும் திருவூடலும் இதே வகைதான். அங்கே திருவூடல் தெரு என்று ஒரு தெருவே இருக்கிறது. உரிமை உள்ளவர் கோபித்துக்கொண்டு கேட்பது, கேட்டுவிட்டுச் சேர்ந்துகொள்வது என்ற இந்த உறவுமுறை நம் ஊர்க் கோயிலுக்கும் வீட்டுக்கும் பொது. மண்டகப்படி என்ற சொல் இரண்டுக்கும் நடுவே சுலபமாகப் போய்வர அதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

கோயில் அல்லாத இடங்களிலிருந்து வந்த திட்டுச் சொற்களோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். அடுப்படியிலிருந்து வந்தவை வறுத்தெடுத்தார், தாளித்துவிட்டார், காய்ச்சினார், பொரிந்து தள்ளினார். துணிதுவைக்கிற கல்லிலிருந்து வந்தவை வெளுத்து வாங்கினார், துவைத்துக் காயப்போட்டார், பிழிந்தெடுத்துவிட்டார். மருந்துக்கடையிலிருந்து டோஸ். இப்போதைய பிள்ளைகள் கழுவி ஊத்திட்டாங்க, வச்சு செஞ்சுட்டாங்க என்கிறார்கள். இவை எல்லாவற்றிலும் வாங்குகிறவன் ஒரு பண்டம்: வறுபடுகிற கடலை, அடிபடுகிற துணி. மண்டகப்படியில் மட்டும் அவன்தான் நடுநாயகம். மாலையும் மரியாதையும் அவனுக்குத்தான். அதனால்தான் வாங்கிய ஆளே அதைச் சொல்லிச் சிரிக்க முடிகிறது. “மேனேஜர் என்னைத் துவைச்சுட்டார்” என்பதில் ஒரு அவமானம் ஒட்டியிருக்கிறது. “மேனேஜர்கிட்ட மண்டகப்படி” என்று சொல்கிறவர் அதைக் கொஞ்சம் உதறிவிட்டார். உங்கள் மதுரை நண்பர் சொன்னதும் அப்படித்தான்.

ஊருக்கு ஊர் வழக்கு மாறும். மதுரைப் பக்கம் வைவது, நெல்லைப் பக்கம் ஏசுவது, பொதுவாகத் திட்டுவது. ஈழத்தில் ஏச்சு, பேச்சு என்பார்கள். “அம்மாட்டப் பேச்சு வாங்கப் போறாய்” என்றால் திட்டு விழப்போகிறது. அங்கே திருவிழாவை ஏற்று நடத்துவதற்கு உபயம் என்றும் நடத்துகிறவருக்கு உபயகாரர் என்றும் பெயர். ஆகவே யாழ்ப்பாணத்தாரிடம் “நல்ல மண்டகப்படி” என்றால் நீங்கள் பட்ட குழப்பத்தை அவரும் படக்கூடும். தமிழ்நாட்டிலும் நகரத்துப் பிள்ளைகளிடம் இந்தச் சொல் குறைந்து வருகிறது. திருவிழாவில் மண்டகப்படியைப் பார்க்காதவருக்கு திட்டு மண்டகப்படியின் ருசி பாதிதான் தெரியும், அதனால் குறைவது இயல்புதான். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சரி, எப்படிச் சொல்வது? மண்டகப்படி பெயர்ச்சொல்லாக மட்டுமே வரும். மண்டகப்படித்தார் என்றெல்லாம் வினையாக்க முடியாது. வாங்குகிறவர் பக்கமிருந்து சொன்னால் மண்டகப்படி கிடைத்தது, விழுந்தது, வாங்கினேன். கொடுக்கிறவர் பக்கமிருந்து சொன்னால் மண்டகப்படி வைத்தார், நடத்தினார். யார் பக்கமும் சேராமல் சொன்னால் மண்டகப்படி நடந்தது. நடக்கப்போவதைச் சொல்லும்போதுதான் இந்தச் சொல் நன்றாக இனிக்கும்: “வா வா, வீட்ல மண்டகப்படி காத்துக்கிட்டு இருக்கு.” வாங்கு என்ற வினையில் மட்டும் கவனம் வேண்டும். “திட்டு வாங்கினார்”, “மண்டகப்படி வாங்கினார்” என்றால் அவர் பட்டவர். “வெளுத்து வாங்கினார்”, “வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டார்” என்றால் அவர் கொடுத்தவர். தமிழைப் பிறகு கற்றுக்கொள்கிறவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கூட வருகிற அடைமொழி பெரும்பாலும் நல்ல, செம, சரியான, முழு, விசேஷ என்று பாராட்டுகிற சொல்லாகத்தான் இருக்கும். “கடுமையான மண்டகப்படி” என்று எழுதினால் சப்பென்று ஆகிவிடும். கடுமை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

யார் சொல்வது என்பதும் முக்கியம். வாங்கினவர் சொல்லலாம், பக்கத்தில் நின்று பார்த்தவர் சொல்லலாம். கொடுத்தவர் தானே “நான் அவனுக்கு மண்டகப்படி வைத்தேன்” என்று சொன்னால் பெருமையடிப்பது போலாகிவிடும். அம்மாக்கள் “நாளைக்கு இருக்கு உனக்கு மண்டகப்படி” என்று மிரட்டுவது மட்டும் இதற்கு விலக்கு.

எங்கே கூடாது? திட்டு உண்மையிலேயே ஒருவரை உடைத்த இடத்தில் கூடாது. ஒரு வாத்தியார் வகுப்பில் எல்லோர் முன்னாலும் ஒரு குழந்தையின் நிறத்தையோ வீட்டையோ சாதியையோ சொல்லிப் பேசினார் என்றால், அதை மண்டகப்படி என்று எழுதுகிறவர் பேசினவர் பக்கம் சாய்ந்துவிடுகிறார். அங்கே நடந்தது அவமதிப்பு. அந்தப் பெயராலேயே சொல்ல வேண்டும். பட்ட குழந்தை ஒருநாள் வளர்ந்து தானே அதை மண்டகப்படி என்று சொல்லிச் சிரித்தால், அது அவருடைய உரிமை. அதேபோல, காவல் நிலையத்தில் ஒருவரை அடித்ததை “ஸ்டேஷன்ல நல்ல மண்டகப்படி” என்று வேடிக்கையாகச் சொல்வதும் எழுதுவதும் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழக்கம். பிடித்து வைத்திருப்பவரை அடிக்க யாருக்கும் பாத்தியதை இல்லை. பாத்தியதை இல்லாத இடத்தில் மண்டகப்படி என்ற சொல்லுக்கும் வேலை இல்லை. சாவு வீட்டிலும், கணவன் மனைவி சண்டை பிரிவு வரை போய்விட்ட வீட்டிலும் இதைச் சொல்லக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அலுவலகத்தில் பேச்சாகச் சொல்லலாம், டீக்குடிக்கிற இடத்தில் தாராளமாகச் சொல்லலாம். மெயிலிலோ அறிக்கையிலோ எழுதக்கூடாது. அங்கே “கண்டித்தார்” என்பது போதும். கதை, கட்டுரை, துணுக்கு எழுதுகிறவர்கள் தயங்காமல் எழுதலாம்; பல காலமாகப் பத்திரிகைகளில் புழங்குகிற சொல்தான்.

கடைசியாக ஒரு விஷயம். மண்டையில் அடி விழுவதால் மண்டகப்படி என்று சிலர் விளக்கம் சொல்கிறார்கள். மண்டை என்ற ஒலி காதில் விழுவதும், படி என்பது அடி என்பதோடு எதுகை போல நிற்பதும் அந்த எண்ணத்தைக் கொடுக்கிறது. திட்டுப் பொருள் ஜனங்கள் வாயில் நிலைத்ததற்கு அந்த ஒலியும் கொஞ்சம் உதவியிருக்கலாம். ஆனால் சொல் வந்தது மண்டபத்திலிருந்துதான். எழுதும்போது நடுவில் ப் போட மறக்காதீர்கள்: மண்டகபடி இல்லை, மண்டகப்படி. அடுத்த முறை அந்த நண்பர் சொல்லும்போது “என்ன ஸ்பெஷல்?” என்றே திரும்பவும் கேளுங்கள். இப்போது அது சரியான கேள்விதான். எத்தனை ஐட்டம், எவ்வளவு நேரம், நடுவில் யாராவது வந்து காப்பாற்றினார்களா என்று அவரே வரிசையாகச் சொல்வார்.